மூன்று காம்பராவும் ஓர் இஸ்தோப்பும்

கேத்ரின் டீச்சருக்குக் கணக்கு வராது. ஊரார் கட்டிவிட்ட கதையல்ல இது. அவரே சொல்வார், அதுவும் சிரித்துக்கொண்டு சொல்வார். சாதாரணதரப் பரீட்சையில் இரண்டு தடவை கணிதத்தில் கோட்டை விட்டு, மூன்றாம் தடவை தட்டுத்தடுமாறிக் கரையேறியவர். அப்படிப்பட்டவரிடம் போய் ஐந்தாம் வகுப்பைத் தூக்கிக் கொடுத்தார் பாடசாலை அதிபர் யோகேஸ்வரன். வேறு யாரும் அந்த வகுப்பைத் தொடத் துணியவில்லை என்பதுதான் காரணம். புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வகுப்பாயிற்றே! பிள்ளைகள் பாஸானால் அது பிள்ளைகளின் கெட்டித்தனம், பெயிலானால் டீச்சரின் தலை உருளும்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலை மலைக்குள் முக்கால் மணி நேரம் ஏறினால் அந்தத் தோட்டப் பாடசாலை வரும். கேத்ரின் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். மழையோ பனியோ, ஏழே காலுக்கு வகுப்பில் நிற்பார். ஆள் குள்ளம், கரும்பலகையின் மேல்வரிசையில் எழுத, பிள்ளைகள் உட்காரும் வாங்கின்மேல் ஏறி நிற்க வேண்டும். அவர் ஏறினாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஏறினால் கணக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் கொண்டாட்டம் அடங்கிவிடும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். வசனக் கணக்கு என்று வந்தால்தான் வினை. 'ரொஷானிடம் மிலானிடம் உள்ளதைப் போல மூன்று மடங்கு மாபிள்கள் உள்ளன. இருவரிடமும் மொத்தம் இருபத்து நான்கு. மிலானிடம் எத்தனை?' இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொரு பேர் எட்டு என்று எழுதியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவன் ரொஷானின் படத்தைக் கீறி, மீசையும் வைத்திருந்தான். மூன்று என்ற சொல்லைக் கண்டதும் மூன்றால் வகுத்துவிட்டார்கள். மிலானின் ஒரு பங்கை யாருமே சேர்க்கவில்லை.

கேத்ரின் அப்பிள் கீறிப் பார்த்தார். வட்டம் கீறிப் பார்த்தார். புளியங்கொட்டையை மேசைமேல் கொட்டிக் காட்டினார். தலைகீழாக நின்றும் பலனில்லை, எட்டு எட்டாகவே இருந்தது. தன்னை இரண்டு தடவை கவிழ்த்த அதே கணக்கு இந்தப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டதே என்று அவருக்கு அழுகை வந்தது.

அந்த வாரம் அடித்த காற்றில், அதே வகுப்பில் படித்த லோஜினியின் லயத்துக் கூரை பறந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் நீள வரிசை வீடுதான் லயம்; குடும்பத்துக்கு ஒரே அறை, அதுதான் காம்பரா. இரண்டு நாள் வராமலிருந்து மூன்றாம் நாள் வந்த லோஜினி, தாமதத்துக்குக் காரணம் சொல்ல வாசலிலேயே நின்றாள்.

"தோட்டத்துல இருபத்தினாலு தகரம் குடுத்தாங்க டீச்சர். எங்க மாமாக்களோட காம்பரா மூணு, எங்களோடது ஒன்னு. காம்பராவுக்கு ஆறு தகரம். அப்பாவோட சேந்து தூக்கிக் குடுத்துட்டு வர நேரமாயிருச்சு."

"உள்ள போய் உக்காரு" என்று சொல்ல வாயைத் திறந்த கேத்ரின் அப்படியே நின்றுவிட்டார்.

"இரு, இரு. காம்பராவுக்கு எத்தன?"

"ஆறு டீச்சர்."

"ஏன் எட்டு இல்ல?"

லோஜினி டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க காம்பராவுக்கும் கூரை வேணுந்தானே டீச்சர்?"

மாதாவே! முந்தாநாள் வரை ஒட்டுமொத்த வகுப்பும் பிழைவிட்ட அதே கணக்கை, ஒரு பிள்ளை தலையில் துவட்டாத ஈரத்தோடு, கணக்கு என்றே தெரியாமல் செய்துவிட்டு நிற்கிறாள். கேத்ரின் வாங்கின்மேல் ஏறினார். கரும்பலகையில் நீளமாக ஒரு லயம் கீறினார். மூன்று காம்பரா ரொஷானுக்கு, அதன் கீழே ஒரு காம்பரா மிலானுக்கு. எல்லாக் காம்பராவும் ஒரே அளவு. அன்று மத்தியான மணி அடிப்பதற்குள் பதினேழு பேர் ஆறு என்று எழுதினார்கள்.

அதன் பிறகு ஐந்தாம் வகுப்புக் கணக்கெல்லாம் லயத்துக்குக் குடிவந்தது. மடங்கு என்றால் காம்பரா. 'நான்கு அதிகம்', 'ஐந்து கூட' என்று வந்தால் அது காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பு, அந்தச் சின்ன முன்திண்ணை. அதை முதலில் கழித்துவிட்டுத்தான் காம்பராக்களைப் பங்கிட வேண்டும். அரைப் பங்கு வந்தால் நடுவில் சேலையைக் கட்டி மறைத்துவிடுவார்கள், அண்ணனுக்குக் கல்யாணமானதும் வீட்டில் செய்கிறார்களே, அதேபோல. இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் பங்கிடச் சொன்னால், இந்தப் பக்கம் இரண்டு காம்பரா, அந்தப் பக்கம் மூன்று காம்பரா, ஆகமொத்தம் ஐந்து என்று வகுப்பே கூவும். சும்மா சொல்லக்கூடாது, பயிற்சிக் கல்லூரியில் யாரும் கேத்ரினுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சிறுமியின் பதிலைக் காது கொடுத்துக் கேட்டார், அது என்னவென்று பிடித்துக்கொண்டார். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லோஜினியின் அம்மா பேச்சியம்மா மகளின் கணக்குக் கொப்பியைத் திறந்து பார்க்கும்வரை.

ஒரே வாரத்தில் பெட்டிசம் எழுதிவிட்டார்கள். பத்தொன்பது பெற்றோர் கையெழுத்து, முதல் கையெழுத்து பேச்சியம்மாவுடையது. ஐந்தாம் வகுப்பைக் கேத்ரின் டீச்சரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் சங்கதி. அதிபர் யோகேஸ்வரன் நல்ல மனிதர், ஆனால் பெட்டிசத்தைக் கண்டால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வெள்ளிக்கிழமை கூட்டம் வைக்கிறேன், பெற்றோர் பிடிவாதமாக நின்றால் திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இரண்டே மாதம். கேத்ரினுக்கு வெள்ளிக்கிழமை வரை மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. முதலாம் வகுப்பு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இந்த இருபத்திரண்டு பேரையும் பாதி வழியில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தாய்மார் வந்து, பிள்ளைகளின் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கரும்பலகையில் காலைப் பாடத்தின் லயம் அழிக்காமல் இருந்தது. பேச்சியம்மா உட்காரவில்லை. அந்தப் படத்தை அதிபருக்குக் கையால் காட்டினாள்.

"பாத்துக்கங்க சேர். என் மக கொப்பியிலயும் பக்கத்துக்குப் பக்கம் இதுதான். நான் பொறந்தது லயம், கட்டிக்கிட்டுப் போனது லயம். இவளாவது தப்பிச்சுப் போகட்டும்னுதான் விடியக்காலையில எழுப்பிப் படிக்க அனுப்புறேன். இந்த டீச்சர் கணக்குலயும் ஒரு லயத்தக் கட்டி, அதுக்குள்ள புள்ளையக் குடிவைக்கிறாங்க! டவுன் புள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களா?"

முகத்தில் அறைந்தது போலிருந்தது கேத்ரினுக்கு. அவரும் லயத்தில் பிறந்தவர்தான். முதல் சம்பளம் கையில் வந்ததும் செய்த முதல் காரியம், வெளியே ஓர் அறை தேடியதுதான். இந்தத் தாய் கேட்பதில் என்ன பிழை?

"அக்கா சொல்றது நியாயம்" என்றார். டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தார். "லயம்னு சொல்லல. வேற பேரு வச்சிருவோம், என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா என்ன செய்றோம்னு ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா." வெண்கட்டியைப் பேச்சியம்மாவிடம் நீட்டினார்.

"எனக்குக் கணக்குத் தெரியாது டீச்சர்."

"எனக்குந்தான் தெரியாது. ரெண்டு தடவ பெயிலு."

வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. அதிபர் மட்டும், இதையெல்லாம் ஏன் இந்த அம்மா இங்கே சொல்கிறார் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கேத்ரின் கணக்கைச் சொன்னார்: டிலுக்ஷியிடமும் நிலக்ஷியிடமும் மொத்தம் ஐம்பத்திரண்டு மாபிள். டிலுக்ஷியிடம் நிலக்ஷியைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் இன்னும் நான்கு. யாரிடம் எத்தனை?

"அம்பத்திரண்ட மூணால பிரிக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு தகப்பன் குரல் கொடுத்தார்.

"எப்புடி? அப்ப நிலக்ஷி எங்க போவா, ரோட்டுலயா?" பேச்சியம்மா திரும்பிப் பார்த்து வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் வெண்கட்டி தன் கைக்கு வந்துவிட்டதைக் கவனித்தாள். சரி, வந்தது வந்தாயிற்று என்று பலகைப் பக்கம் போனாள். கோணல் மாணலாக ஒரு கட்டம் கீறினாள். "இது நிலக்ஷிக்கு." அதன் கீழே ஒட்டி ஒட்டி மூன்று கட்டம். "இது டிலுக்ஷிக்கு. அந்த நாலு…"

யாரும் உதவவில்லை. விடையைச் சொல்லிவிடக் கூடாதே என்று கேத்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு, இஸ்தோப்பு." மூன்றாவது கட்டத்தை ஒட்டிச் சின்னதாக ஒன்று கீறினாள். "இஸ்தோப்பக் கழிச்சிட்டுத்தான பங்கு போடணும்? அதுல யாரு குடியிருக்கா? அப்ப நாப்பத்தெட்டு. நாலு காம்பரா. காம்பராவுக்கு…" விரல்களை மடக்கினாள். "பன்னெண்டு. நிலக்ஷிக்குப் பன்னெண்டு. இவளுக்கு முப்பத்தாறு, இஸ்தோப்போட நாப்பது." ஒரு நிமிடம் யோசித்து, யாரும் கேட்காமலேயே கூட்டிப் பார்த்தாள். "நாப்பதும் பன்னெண்டும் அம்பத்திரண்டு. சரியா டீச்சர்?"

"சரிக்கா."

வாங்குகளில் கைதட்டினார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. தான் கீறிய கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றதால் கைதட்டலும் ஓய்ந்துபோனது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"அஞ்சாம் வகுப்புல எனக்கும் இதே மாதிரிக் கணக்குத்தான் டீச்சர் குடுத்தாங்க. வரலன்னு முழங்கால் போட வச்சாங்க. ஒனக்கெல்லாம் கொழுந்துதான் சரின்னாங்க. நானும், நமக்கு மூளை இல்லப் போலன்னு நின்னுட்டேன். இருபத்திரண்டு வருஷம் மலையில நிக்கிறேன்." கட்டங்களை வெண்கட்டியால் தட்டிக் காட்டினாள். "இம்புட்டுக்குத்தானா டீச்சர் என்னைய மலைக்கு அனுப்புனாங்க?"

கேத்ரினுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது; மறைக்கவும் தோன்றவில்லை. வாங்குகளில் தாய்மார் ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்திருந்தார்கள். அதிபர் பெட்டிசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்றார்.

"அதுல என் பேர வெட்டிருங்க சேர்" என்றாள் பேச்சியம்மா, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி. பிறகு கேத்ரின் பக்கம் திரும்பினாள். "பேரெல்லாம் ஒன்னும் மாத்த வேணாம். லயத்த வச்சே புள்ளைகள வெளிய அனுப்புங்க."

வெண்கட்டியை வாங்கிக்கொள்ளக் கேத்ரின் கையை நீட்டினார். பேச்சியம்மா கொடுக்கவில்லை.

"இன்னொன்னு சொல்லுங்க டீச்சர். கஷ்டமானதாவே சொல்லுங்க."