அறிவிப்புக்காரியின் வாய்ப்புண்

என் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடை என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வாள். மாதம் தவறாமல் வாய்ப்புண் வரும். நாக்கின் ஓரத்தில் மிளகளவு குழி. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கண்ணில் நீர் முட்டும். அவள் புருஷனோ, "வாய்க்கொழுப்பு, வேற என்ன?" என்று சிரிப்பார். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்தான் அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, பேனா மாதிரி ஒன்றைப் புண்ணில் படாமல் காட்டினார். லேசராம். சூடுகூட இல்லை. "வலி குறையும், சீக்கிரம் ஆறும். ஆனா திரும்ப வராதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். மறுநாள் அக்கா காரமாகவே சாப்பிட்டாள்.

இந்தச் செய்தி பேருந்து நிலைய மேலாளரின் காதுக்குப் போனது. குழைந்துகொண்டு வந்தார்.

"வாய் நல்லா இருக்கும்போதே எல்லா அறிவிப்பையும் பதிவு பண்ணிடுங்கம்மா. புண் வந்தா நீங்க ரெஸ்ட் எடுக்கலாம்."

என் அசட்டு அக்கா உருகிப்போனாள். எல்லா ஊருக்கும், எல்லா மேடைக்கும், தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்துக் கொடுத்தாள். அடுத்த புண் வந்ததும் விடுப்புக் கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கங்க. இனிமே வரவே வேணாம்" என்றார் அந்தப் புண்ணியவான். இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

நேற்று மறுபடி லேசருக்குப் போக நிலையத்துக்கு வந்தோம். தலைக்கு மேலே அக்காவின் குரல், துளி வலியில்லாமல், "மூன்றாவது மேடை" என்றது. அங்கே பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி ஏழாவது மேடையில் உறுமிக்கொண்டு நின்றது. கூண்டில் அவள் இருந்திருந்தால் எட்டிப் பார்த்து மாற்றிச் சொல்லியிருப்பாள். மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் மூன்றுக்கு ஓடினார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்று, குழறிக் குழறிக் கத்தினாள்.

"ஏழுக்குப் போங்க. வண்டி ஏழுல நிக்குது."

ஒருவர் மட்டும் நின்றார். "மைக்ல அந்தம்மா தெளிவா மூணுன்னு சொல்றாங்க. நீ யாரு, நடுவுல வந்து குழப்புற?"

"நான்தாங்க அந்தம்மா" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டு மூன்றாவது மேடைக்கு ஓடினார்.