கவரில் வந்த குழம்பு

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, தபீதாள் டீச்சர் வீடு எது என்று கேட்டால் தண்ணி கேன் போடுகிறவர்கூடக் கை காட்டுவார். எல்.கே.ஜி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தத் தெருவில் இன்று பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற பாதிப் பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பாள். அவளுக்குப் பொறாமை உண்டு என்று சொன்னால் சர்ச் சபையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு கமுக்கமாக அதை வைத்திருந்தாள்.

வீட்டில் அவளும் கணவர் அசரியாவும் மட்டும்தான். மகள் ஜோஸ்வினைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அசரியாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்கு வேலை. மூன்று பேருக்குச் சமைத்துப் பழகிய கை இரண்டு பேருக்குச் சுருங்கவே இல்லை. முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கினால் பாதி வாடும், கீரை ஒரு கட்டு வாங்கினால் கால்வாசி மஞ்சளாகும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் முந்தாநாள் கூட்டு, நேற்றைய ரசம் என்று கிண்ணம் கிண்ணமாக உட்கார்ந்திருக்கும். எதையும் கொட்ட மனசு வராது. பழையதையெல்லாம் அவள் சாப்பிட்டு, சுடச்சுட வைத்ததை அவருக்குப் போடுவாள்.

அசரியா குறை சொல்லாமல் சாப்பிடுகிறவர். அப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சபைப் பெண்கள் சொல்வார்கள். குறை சொல்ல மாட்டார், வாஸ்தவம். நிறைவாகவும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவர் வாயிலிருந்து வந்தவை: "உப்பு", "இன்னும் கொஞ்சம் சோறு", "மோர் எங்க". மனுஷன் சுபாவமே அப்படி என்று அவளும் சமாதானமாகத்தான் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதி சுஜி, டெனிஸ் வீட்டில் அன்றைக்கு ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீடு என்று சுற்றி வரும். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் சாப்பாடு போட வேண்டும். போன வாரம் என்ன வசனம் படித்தோம் என்பதை மறந்தாலும் யார் வீட்டில் என்ன போட்டார்கள் என்பதை ஒருத்தரும் மறக்க மாட்டார்கள். சுஜி சோறும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் போட்டாள்.

அசரியா இரண்டாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். விரலை நக்கினார். பிறகு, பத்துப் பேர் நடுவில், வாய் நிறையச் சொன்னார்.

"குழம்பு பிரமாதம்மா சுஜி. கை கழுவவே மனசு வரல."

தபீதாள் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது. வாரத்தில் ஒரு நாள் அதே எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை அவள் வைக்கிறாள். கத்தரிக்காயைப் பூப்போலக் கீறி, மசாலா வறுத்து, அம்மி இல்லாத குறைக்கு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி அரைக்கிறாள். அதற்கெல்லாம் "மோர் எங்க". நேற்று வந்த சின்னப் பெண்ணுக்குப் பிரமாதம். சிரித்த முகமாகவே படி இறங்கி வந்தாள். வயிறு மட்டும் பற்றி எரிந்தது.

சுஜி மீது ஏற்கெனவே கொஞ்சம் எரிச்சல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் தபீதாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்தப் பெண் புருஷனோடு மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கசங்காத சேலையோடு, பூண்டு வாசனை இல்லாத கையோடு வருவாள். பாடகர் குழுவில் வேறு பாடுகிறாள். இவளுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் கிடைக்கிறது என்று தபீதாளுக்குப் புரிந்ததே இல்லை.

மறுநாள் காலையிலேயே புரிந்தது. பக்குவம் கேட்கிற சாக்கில் மேலே போனாள்.

"அய்யோ ஆன்ட்டி, நான் எங்க வச்சேன்? மெயின் ரோட்டுக்குப் பின்னாடி தெருவுல தனம் அக்கா கடை இருக்குல்ல, அங்க வாங்கினது. எப்பவுமே சோறு மட்டும்தான் நான் வடிப்பேன். ரெண்டு பேருக்குக் காய் வாங்கி, கேஸ் செலவு பண்ணி, மிச்சத்தைக் கொட்டி, கட்டுப்படி ஆகல ஆன்ட்டி. ஒரு கவர் குழம்பு வாங்கினா ரெண்டு வேளைக்கு வருது."

ஒளிவு இல்லை, வெட்கமும் இல்லை. ஒளித்திருந்தால் கண்டுபிடித்த சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும். இருந்தாலும் கையில் கிடைத்ததை விடாமல் தபீதாள் வேகமாகக் கீழே வந்து கணவரிடம் போட்டு உடைத்தாள்.

"கேட்டீங்களா? அது கடைக் குழம்பாம். அவ வச்சதே இல்லையாம்."

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அசரியா சொன்னார். "அப்படியா? அப்ப அந்தக் கடைக்காரம்மா நல்லா வைக்கிறாங்க."

தபீதாளின் பொறாமை மாடியிலிருந்து இறங்கி அப்படியே தனம் கடைக்கு நடந்தது. அவளும் கூடவே போனாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, அதன்மேல் பெரிய பெரிய குண்டான்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், ஒரு புளிக்குழம்பு. ஆபீசுக்குப் போகிற பெண்கள், தனியாக அறை எடுத்திருக்கிற பையன்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயசானவர்கள் என்று ஒரு கூட்டம் நின்றது. தனம் கரண்டியால் மொண்டு சில்வர் கவரில் ஊற்றி, வாயைத் திருகி, நூலைச் சுழற்றிச் சுழற்றி ஒரே இழுப்பில் கட்டினாள்.

"இன்னாக்கா வோணும்? கத்திரிக்கா கொளம்பு இப்பதான் எறக்கினேன், சூடா கீது" என்றாள். இந்த அக்கா தன்னை உச்சி முதல் பாதம் வரை எடை போட்டுக்கொண்டிருப்பது தனத்துக்குத் தெரியாது.

தபீதாள் வாங்கி வந்து, தன் சொந்தச் சட்டியில் ஊற்றி, மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கிள்ளிப் போட்டாள். அன்று சனிக்கிழமை, அசரியாவுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வந்தார், உட்கார்ந்தார், தான் வைத்ததைப் போலவே அவள் பரிமாறினாள். பிறகு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிரமாதம் என்று சொல்லட்டும், அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தாள்.

அவர் பிசைந்தார், சாப்பிட்டார், தட்டைப் பார்த்தபடியே, "மோர் எங்க?" என்றார்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்தாயா தனம், உன் குழம்புக்கும் இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. மோரை ஊற்றிவிட்டுச் சமையலறைக்குப் போன பிறகுதான் உறைத்தது. அப்படியானால் குறை குழம்பில் இல்லை. அவள் சட்டியிலிருந்து அவள் கரண்டியால் எது விழுந்தாலும் அவருக்கு நாக்கில் படாது.

அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் சில்வர் கவர் கேட்டாள். ஒன்று கொடு என்றால் கடைக்காரன் சிரித்தான், கட்டாகத்தான் தருவானாம். கட்டையும் ஒரு நூல்கண்டையும் வாங்கி வந்தாள். அடுத்த சனிக்கிழமை காலையில், எப்போதும் வைக்கிற அதே குழம்பை, அதே கத்தரிக்காயைக் கீறி, அதே மசாலாவை அரைத்து வைத்தாள். கவரில் ஊற்றிக் கட்டும்போது நூல் வழுக்கியது. ஒன்று ஒழுகியது, இன்னொன்று மேடையெல்லாம் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைக் கட்டி முடித்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலைத் திறந்து வாசனையை விரட்டி, கவரை மேஜை நடுவில் வைத்தாள்.

அசரியா ஹெல்மெட்டைக் கழற்றியபடியே பார்த்தார். "என்ன, கடையில வாங்கிட்டியா?"

"முட்டி வலி. நிக்க முடியல" என்றாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று வருஷக்கணக்கில் கற்றுக் கொடுத்தவளுக்கு அது வழுக்கிக்கொண்டு வந்தது.

அவர் தானே கத்தரிக்கோல் எடுத்து வந்து நூலை வெட்டினார். கவருக்குள் மூக்கை நீட்டி மோந்தார். அவள் சட்டிக்குள் அந்த மூக்கு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. முதல் வாய் உள்ளே போனதும் நிமிர்ந்தார்.

"தபீ, அடேயப்பா. சுஜி வீட்டுல சாப்பிட்டதெல்லாம் இதுகிட்ட நிக்காது. அதே கடையா?"

"இல்ல. வேற ஒரு அம்மா. ஏரிப் பக்கம், வீட்டுலயே வச்சுத் தர்றாங்க."

"புளி, காரம், எண்ணெய் எல்லாம் கணக்கா நிக்குது. மசாலா பாரு, வறுத்து அரைச்சிருக்காங்க. பொறுமை இருக்கிற பொம்பளை."

இத்தனை வருஷமாக எதைக் கேட்க ஏங்கினாளோ அது முழுவதும் வரிசையாக வந்து விழுந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம், அதில் ஒரு சொல்கூடத் தன் பேருக்கு வரவில்லை என்பது சுட்டது.

"நான் வைக்கிறதை விடவா நல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "உன்னுது வேற. அது வீட்டுச் சாப்பாடு."

அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. நாம் இரண்டே பேர், காய் வாங்கிப் பாதி அழுகுகிறது, கேஸ் வேறு விலை ஏறுகிறது, உனக்கும் முட்டி வலி, சோறு மட்டும் வடி, குழம்பை அந்த அம்மாவிடமே வாங்கிவிடு என்றார். மனசாரத்தான் சொன்னார். அந்த அக்கறையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து தபீதாள் இருக்கிற வேலைக்கு இரட்டை வேலை பார்த்தாள். அவர் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் சமைக்க ஆரம்பிப்பாள். கவர் கட்டுவதில் கை தேர்ந்துவிட்டது, தனமே பார்த்தால் அசந்துபோவாள். வத்தக் குழம்பு, மொச்சைக் குழம்பு, மீன் குழம்பு எல்லாம் கவரில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் அவர் சப்புக் கொட்டினார். அவர் புகழப் புகழ அவளுக்கு இன்னும் கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்கக் கேட்க எரிந்தது. அந்த ஏரிப்பக்கத்து அம்மாவுக்கு அவள் மனசுக்குள் ஒரு முகமே வந்துவிட்டது. இவளை விடச் சிவப்பு, இவளை விட வயசு குறைவு, முட்டி வலியும் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "அப்படியா" என்பார். மறுநாளிலிருந்து அது வீட்டுச் சாப்பாடாகிவிடும். மோர் எங்க என்பார்.

இப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், நெத்திலிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அசரியா எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வா, அந்த அம்மா வீட்டைக் காட்டு. இப்படிச் சாப்பிட்டுட்டுச் சும்மா இருக்கிறது நியாயமே இல்லை. நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும். சமைக்கிறவங்களுக்கு அதைவிட என்ன வேணும்?"

தபீதாள் அவரையே பார்த்தாள். கிண்டல் இல்லை. முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. இந்த வெயிலில், சாப்பிட்ட கையோடு, முன்பின் பார்க்காத ஒருத்திக்கு நன்றி சொல்ல ஸ்கூட்டர் எடுக்கிறார். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒரு தடவைகூட நடந்து வந்ததில்லை.

"கடையை மூடிட்டாங்க" என்றாள்.

"எப்ப?"

"இன்னிக்குத்தான். இதுதான் கடைசிக் கவர்."

"ஏன், நல்லாத்தானே போச்சு?"

"இனிமே முடியாதுன்னுட்டாங்க. எவ்வளவு செஞ்சாலும் யாரும் மூஞ்சியப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்றதில்லையாம்."

"நான்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னேனே தபீ."

"சொன்னீங்க. அந்த அம்மாகிட்ட சொல்லலையே."

அசரியா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அந்தக் காலிக் கவரைக் கையில் எடுத்தார். "பாவம். எவ்வளவு மனசு விட்டுப் போயிருந்தா அப்படிச் சொல்லியிருப்பாங்க. முன்னாடியே போயிருக்கணும்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் குரல் அப்படி உடைந்து தபீதாள் கேட்டதே இல்லை. சுஜி மேல் வந்தது, தனம் மேல் வந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்னும்படி, அந்த இல்லாத பொம்பளை மேல் அவளுக்கு அப்போது பொறாமை வந்தது.