கழுத்துக்கு மேல் மூன்று நிமிடம்

நான் சொன்ன பொய்யால் ஒரு பெண்ணின் வேலை போனது. பெரிய பொய் இல்லை, ஒரே ஒரு வாக்கியம்தான்.

எங்கள் ஆய்வகம் ஹெப்பகோடியில் இருந்தது. சிப்பிக் குஞ்சு பொரிக்கும் கடற்கரைப் பொரிப்பகத்தில் ஸ்ட்ரா என்னும் மெல்லிய குழாய்களில் உறையவைத்து அனுப்பும் முத்துச்சிப்பி விந்தைத் திரவ நைட்ரஜனில் காப்பது என் பொறுப்பு. நைட்ரஜன் கேனைக் கவனித்தவர் செல்வி, அல்சூரிலிருந்து பஸ்ஸில் வரும் டெக்னீஷியன். நைட்ரஜன் மட்டம் பார்க்க வாரம் இரண்டு முறை ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்து, அதில் பனி படிந்த உயரத்தை நோட்டில் எழுதுவார்.

ஒருநாள் பார்வையாளர்கள் வந்தார்கள். போட்டோவுக்காக ஸ்ட்ராக்கள் இருந்த ஓர் அடுக்கைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பேச்சு வளர்ந்தது. மூன்று நிமிடம் இருக்கும். கூடாது என்று நானே மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த விஷயம். சத்தமில்லாமல் உள்ளே இறக்கிவிட்டேன். உருகி மறுபடி உறைந்த ஸ்ட்ரா, பார்ப்பதற்கு நல்ல ஸ்ட்ரா மாதிரியேதான் இருக்கும்.

அடுத்த மாதம் பொரிப்பகம் கேட்டபோது, அந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருக்கிக் கடல்நீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். ஒன்றுகூட நீந்தவில்லை. அந்தச் சிப்பிகளை எடுத்த கடலடிப் பாரில் இப்போது சிப்பியே இல்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் செல்வியின் நோட்டைப் பார்த்தேன்.

“சில நாள் ஸ்கேல் விடாமலே எழுதியிருக்கலாம் சார்.”

அதற்குப் பிறகு செல்வி செய்த எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாயிற்று. எண்கள் எல்லாம் ஒரே மையில் இருக்கின்றன, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றார்கள். பேனா நோட்டோடு நூலில் கட்டியிருந்ததைத் தினமும் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். கேன்டீனில் ஒருவன், “மேடம், டீ எவ்ளோ இருக்குன்னு ஸ்கேல் விட்டுப் பாத்தீங்களா?” என்றான். செல்வி என்னிடம் வந்து, “நான் அளக்கறத நீங்களாவது பாத்திருக்கீங்களே சார்?” என்று கேட்டார். கவனித்ததில்லை என்றேன்.

நைட்ரஜன் குறைந்திருந்தால் எல்லா அடுக்குகளும் கெட்டிருக்கும். மற்றவற்றையும் சோதிக்கலாம் என்று இயக்குநர் சொன்னார். ஸ்ட்ரா வீணாகும் என்று தடுத்தேன். செல்வியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

ஓய்வு பெற்றபின், நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிந்துபோன விஷயம், இனி எடுப்பதற்கில்லை என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலோடு அல்சூர் போனேன். செல்வி இப்போது ஒரு கருத்தரிப்பு மையத்தில் அதே நைட்ரஜன் வேலை பார்க்கிறார். நின்றபடியே படித்தார். மற்ற அடுக்குகளைப் பற்றிய வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

“நான்தான் ஏதோ தப்பா அளந்துட்டேன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன் சார்.”

மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை என்னிடமே நீட்டினார்.

“எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் ஓடாது. கன்னடத்துல எழுதிக் குடுங்க. நீ நெஜமாவே அளந்தியான்னு அவரும் அப்பப்ப கேப்பாரு.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் கன்னடத்தில் இருந்த பிழைகளைப் பேனா வாங்கி அந்தத் தாளிலேயே திருத்தினார். பிறகு தாளைப் பார்த்து யோசித்தார். வேறொரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“என் கை பட்டது வேணாம் சார். நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லிடுவாங்க.”

முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன்.