வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்த கோழி

என் நாய் கொன்ற கோழியை எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு நாயின் முன்னால் எறிந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர். மழை பிடித்தால் உப்பு வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் அவருக்குக் கோழியும் முட்டையும்தான் ஆதாரம். காது கறுத்த செவலை நாய் ஒன்றும் வைத்திருந்தார். விடியலில் அவர் அளத்துக்குப் போனதும் அது கோழிகளுக்கு நடுவிலேயே படுத்துக்கொள்ளும். கீரி தலைகாட்டினால் மட்டும் எழுந்து குரைக்கும்.

என் நாயை மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தான். அதற்குக் கோழி என்றால் ஓடுகிற பந்து. ஒரு நாள் காலை, வேலிச் சந்து வழியாக வந்த முட்டைக் கோழியைக் கவ்வி ஒரே உதறு. நான் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த அம்மாள் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கம், எறிந்தேன். செவலை அதை முகர்ந்து பார்த்தது. வாய் வைக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மதியம் அவர் வந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

எங்கள் தெருவில் கோழி ருசி கண்ட நாயை யாரும் வைத்துக்கொள்வதில்லை. உப்பு ஏற்றப் போகும் லாரியில் போட்டு, அளத்தின் கடைசியில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அவர் செவலையைத் துடைப்பத்தால் அடித்தார். அடித்துவிட்டு அழுதார். மறுநாள் லாரியில் ஏற்றிவிட்டார். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் அந்த அம்மாள் கண்ணில் படாமல் நடமாடினேன். ஐந்தாம் நாள் வானூர் சந்தையில் இரண்டு கோழி வாங்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றேன்.

“இன்னா சார், கோழியும் கையுமா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“எம்மாம் படிச்சவரு நீங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்கள கடிச்சா தின்னுட்டிருப்பேன்?”

“தப்புதாம்மா.”

“கோழிய நீங்களே வெச்சிக்கோங்க. எந்நாயி தண்ணி குடிச்சிதோ இல்லியோ. மொதல்ல ஸ்கூட்டர எடுங்க.”

வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. வரப்பு வரப்பாகத் தேடினோம். கடைசியில், வேலையாட்கள் குடிதண்ணீர் டிரம் வைத்திருக்கும் கொட்டகையில், டிரம்மிலிருந்து சொட்டும் இடத்தில் செவலை படுத்திருந்தது. உப்புத் தண்ணீரில் பாதம் வெடித்திருந்தது. அவர் கூப்பிட்டார், வரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“அடிச்சிட்டேன்டா. பாக்காம அடிச்சிட்டேன். வாடா.”

வெகுநேரம் கழித்து, வயிறு தரையில் உரச, அது ஊர்ந்து வந்தது.

திரும்பும் வழியில், என் நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றேன்.

“நான் ஒரு தபா செஞ்சது போதும். நாளைக்கு உங்க நாய இட்டுக்கினு வாங்க, பழக்கலாம்.”

செத்த கோழி ஒன்றை அழுகும்வரை என் நாயின் கழுத்தில் கட்டிவிடச் சொன்னார்கள் தெருக்காரர்கள். “அதுக்கு நாத்தம்தான் புரியும், புத்தி வராது” என்று அவர் சிரித்தார்.

அவர் செய்தது வேறு. அளத்திலிருந்து வந்ததும் கோழிகளைக் கூடைக்குள் கவிழ்த்து வைப்பார். வயிறு நிறைந்த என் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நான் முற்றத்தின் மறுகோடியில் நிற்க வேண்டும். நாய் கூடையை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்த அந்த நொடியில், அவித்த நெத்திலி மீன் ஒன்று கொடுக்க வேண்டும். அடி இல்லை, அதட்டல் இல்லை.

“பாக்கறது தப்பில்ல சார். கல்லாட்டம் நின்னு உத்துப் பாக்குது பாருங்க, அப்பவே பேர் சொல்லிக் கூப்புடணும். பாஞ்சப்புறம் கத்தி இன்னா புண்ணியம்?”

நான் கயிற்றை இறுக்கினேன்.

“இழுக்காதீங்க! உங்க பயம் கயித்து வழியா அதுக்குப் போவுது.”

நாளைக்கு ஓரடி நெருங்கினோம். ஒரு நாள் நான் இரண்டடி வைத்துவிட்டேன். “இன்னா சார், பரிட்சைக்கு நேரமாயிடுச்சா?” என்று கேட்டு, என்னைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். பாத்தியின் தண்ணீரைப் பார்த்தே உப்பு எப்போது பூக்கும் என்று சொல்கிறவர் அவர். நாயின் காது விறைப்பதையும் அப்படியே பார்த்தார். தப்பு நடப்பதற்கு முந்தின நொடி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பது வருஷமும் நான் பிரம்பெடுத்தது தப்பு நடந்த பிறகுதான்.

ஒன்றரை மாதத்தில் கோழிகள் கூடையை விட்டு வெளியே வந்தன. இப்போது அவை குறுக்கே நடந்தால் என் நாய் படுத்துக்கொள்கிறது. ஆனாலும் யாரும் இல்லாதபோது நாயையும் கோழிகளையும் ஒன்றாக விட அவர் சம்மதிப்பதில்லை. வேலிச் சந்தில் பனை மட்டை வைத்து நானே அடைத்தேன்.

செவலைதான் மாறிவிட்டது. கோழி கிட்டே வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறது. செய்யாத தப்புக்கு வாங்கிய அடி அது. அதற்கும் அவர் நெத்திலியோடு உட்கார்ந்தார். கோழி வந்தும் எழுந்திருக்காவிட்டால் ஒன்று. அவர் அளத்தில் இருக்கும் காலை நேரத்துக்கு அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். “நீங்க கெடுத்தது, நீங்களும் ஒக்காருங்க.”

தினமும் போகிறேன். என் கையிலிருந்து அது வாங்குவதில்லை. தரையில் வைத்துவிட்டு விலகி உட்காருகிறேன். போன வாரம் ஒரு கோழி அதன் தட்டிலேயே தண்ணீர் குடித்தது. செவலை பாதி எழுந்தது, என்னைப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. நெத்திலியை வைத்தேன். தொடவில்லை. வீட்டுக்குள் வந்து, அதே ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போதுதான் தின்றது.