குழல் மேல் புளியங்கொட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததே அதிகம். அதிலும் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது அதைவிட அதிகம். விஷயம் தெரிந்தவர்கள் இதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அங்கே ஒரு லாரியின் சங்கிலியில் சிக்கி, அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. செலியமேட்டுக்குத் திரும்பி வந்தபோது தோளில் கிடந்த துண்டின் நுனியை அந்தக் கையில் சுற்றியிருந்தார். அதன் பிறகு மாடு ஓட்டும்போதும் துண்டு, மடை திறக்கும்போதும் துண்டு. சாப்பிடும்போது மட்டும் அதை அவிழ்த்தாக வேண்டும். அதனால் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். மூன்று விரலால் சோற்றைக் கூட்டி எடுத்தால் பாதி கையோரமாக வழிந்துவிடும். அதை நான்கூடப் பார்க்கக் கூடாது. சோற்றை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். ரசம் வேண்டுமென்றால் தட்டில் ஒரு தட்டுத் தட்டுவார்.

கல்யாண வீடுகளுக்குப் போவார். மொய் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிடுவார். சொல்தாவுக்குத் திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது என் காதுக்கு வரும். அவர் காதுக்கும் வந்திருக்கும். திமிர் என்று நினைத்தாலே தேவலை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பதினொன்றாம் தேதி, முதல் உலக யுத்தம் என்கிற பெரிய சண்டை ஓய்ந்த நாளைப் பாகூரில் கொண்டாடுவார்கள். கொடி ஏற்றியதும் சொல்தாக்கள் எல்லாம் ஏரிப்பக்கம் போய் அட்டையில் குறி வைத்துச் சுடுவார்கள். ஜெயிக்கிறவருக்கு ஒரு சேவல். பிறகு எல்லோருக்கும் வரிசையாக இலை போட்டுச் சாப்பாடு. இவர் திரும்பி வந்த பிறகு ஒரு வருஷமும் போகவில்லை. ஆனால் இவரிடம் நல்ல கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்தது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். எட்டுப் பட்டை போட்ட நீளமான குழல். இவருடைய அதிகாரி சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். அது டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டாளத்துச் சட்டைக்குக் கீழே கிடந்தது.

அவர் திரும்பி வந்து சில வருஷம் கழித்து, ஆடி மாதத்தில் ஒருநாள், யாரும் கேட்காமலே அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப உள்ளே வைத்துவிடுவார் என்று பயம்.

என் அண்ணன் பாகூரில் ஒரு வண்டிப் பட்டறையில் மரவேலை செய்துகொண்டிருந்தார். அண்ணி காலமான பிறகு அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ள, எம்மேல எதுனா கோவமா? துப்பாக்கிலாம் வெளிய வந்துகீது."

"உன்ன சுட இது எதுக்கு மச்சான்? ஒரு வேள சோறு நிறுத்துனா போதும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே அதை வாங்கிப் பார்த்தார். கைப்பிடி ஏதோ கொம்பில் செய்தது. வழவழவென்று இருந்தது. ஐந்து விரல் உள்ள கைக்கு அளவெடுத்தது. இவர் பிடித்தால் அடியில் பிடிப்பில்லாமல் சுழன்றது.

"இது ஒத்துவராது. மரத்துல வேற பிடி போட்டுத் தரேன்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "குட்டையில கொஞ்சம் களிமண்ணு எடுத்துக் குழைச்சிக்கினு வா" என்றார்.

மண்ணை உருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் அதை இவர் முன்னால் நீட்டினார். இவர் அசையவில்லை. பிறகு துண்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். நான் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லா அமுக்கிப் பிடிங்க மாப்ள."

"எவ்ளோ அமுக்கறது?"

"எம்மேல கோவம் எவ்ளோ கீதோ, அவ்ளோ."

அந்த மண்ணுருண்டையில் மூன்று விரல் தடமும், பக்கத்தில் ஒரு வெற்றிடமும் விழுந்திருந்தன. அண்ணன் அதை வெயிலில் காயவைத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார். பூவரசங்கட்டையில் பிடி செதுக்கிக்கொண்டு வந்தார். விரல் இல்லாத இடத்தில் மரத்தைப் புடைப்பாக விட்டிருந்தார். இவர் பிடித்ததும் அந்தப் புடைப்பு உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கி சுழலவில்லை.

வீட்டுக்குப் பின்னால் வற்றிப்போன குட்டையின் கரை உயரமாக இருக்கும். அதன் முன்னால் இருந்த கொய்யா மரத்தில் இவர் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டார். பலகையில் அட்டை, அட்டையில் நான் அடுப்புக்கரியால் போட்ட வட்டம். அவர் சுடுவார். நான் தோட்டாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். புதுப் பிடி போட்ட பிறகும் ஒரு குண்டும் வட்டத்தில் படவில்லை. எல்லாம் இடது பக்கமே போனது. நாள் மாற்றி நாள் சுட்டுப் பார்த்தும் அப்படித்தான்.

"கைதான் காரணம். வலுவில்லாத கை, இடப்பக்கம் ஓடுது" என்றார். "ஆயுத பூஜை முடியட்டும். அதுக்கப்பறமும் இப்படியே இருந்தா, யாருகிட்டயாவது குடுத்துடறேன். எனக்கு இன்னாத்துக்கு இது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சுடும்போது மட்டும்தான் அவர் துண்டை அவிழ்த்து என் தோளில் போடுவார். துப்பாக்கி போய்விட்டால் அந்தக் கை மறுபடி துண்டுக்குள் போய்விடும். பிறகு வெளியே வராது.

ஆயுத பூஜையன்று ஏர், மண்வெட்டி, அரிவாள், அண்ணனின் உளி, வாள் எல்லாம் கழுவி வரிசையாக வைத்தோம். இவர் துப்பாக்கியையும் வைத்தார். அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அண்ணனுக்குத் தாராளக் கை. பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டினோம். பூஜையில் வைத்த கருவியை உடனே எடுக்கக் கூடாது என்று மறுநாள் வரை யாரும் எதையும் தொடவில்லை. பிறகு இவர் துப்பாக்கியை எடுத்து மேலே துடைத்துவிட்டுச் சுட நின்றார்.

வெடிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டாவை எடுத்துத் திருப்பிப் போட்டார். திரும்பவும் டிக். அந்தத் தோட்டாவில் மருந்து நடுவில் இருக்காது, அடிப்பக்கத்து விளிம்பைச் சுற்றித்தான் இருக்கும் என்று எனக்குக் காட்டினார். விசையை இழுத்ததும் விழுகிற சுத்தியின் மூக்கு அந்த விளிம்பை நசுக்க வேண்டும். இதில் நகக்குறி மாதிரி லேசாகத்தான் தடம் விழுந்திருந்தது.

"மழக்காலம். தோட்டா நமுத்துப்போச்சி" என்றார்.

நமுத்துப் போனால் காயவைக்க வேண்டியதுதானே. முறத்தில் வடாகம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓரமாகத் தோட்டாக்களையும் பரப்பினேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எத பொரிக்கப் போற? பாத்து எடு தாயீ" என்றார். ஒரு பகல் முழுக்க வெயில் பட்டும் பயனில்லை. டிக், டிக் என்றுதான் கேட்டது.

அப்போதுதான் நான் ஒன்றைப் பார்த்தேன். முன்பெல்லாம் வெடிச்சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொள்வேன். குழலும் உதறி மேலே போய்விடும். இப்போது வெடிக்காததால் கண் திறந்திருந்தது. டிக் என்ற நேரத்தில் குழலின் நுனி இருந்த இடத்திலேயே இருந்தது. தேங்கிய தண்ணீர் மாதிரி.

சொல்லலாமா வேண்டாமா என்று தோட்டாப் பெட்டியை மூடி மூடித் திறந்தேன். கடைசியில் சொன்னேன்.

"ஏங்க, உங்க கை ஆடல."

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"டிக்குன்னு சத்தம் வந்தப்போ பாத்தேங்க. கொஞ்சங்கூட ஆடல."

அவர் நம்பவில்லை. நான் உள்ளே போய், தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்து வந்தேன். நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தோட்டாவை எடுத்துவிட்டு, முன்பு சுட்டுப்போட்ட ஒரு வெறும் கூட்டை உள்ளே வைத்தார். ஒன்றும் வைக்காமல் தட்டினால் குழலின் பின்பக்க விளிம்பு அடிபடுமாம். குட்டைக்கரையைப் பார்த்துக் கையை நீட்டினார். தேய்ந்த பக்கம் கீழே இருக்கும்படி கொட்டையைக் குழலின் தட்டையான மேல்பட்டையில் வைத்தேன்.

டிக்.

கொட்டை அப்படியே இருந்தது. இன்னொரு முறை தட்டினார். இருந்தது. அவர் கையை இறக்கவே இல்லை. கொட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"அப்பறம் எதுக்கு இடப்பக்கம் போவுது?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரியும் இருந்தது. அதுவரை கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அன்றுதான் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணனிடம் அதைக் கொடுத்தார். அண்ணன் சுத்தியைத் தூக்கிப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"மாப்ள, சந்தன வாசன வருது."

சுத்தியின் மூக்கு போய் உட்காரும் பள்ளத்தில் சந்தனம் வழிந்து, காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. சுத்தி முழுதாக இறங்க இடமில்லை. பிறகு எப்படி விளிம்பை நசுக்கும்?

"இவ்ளோ சந்தனத்த அப்புனது யாரு மச்சான்?"

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணச் சொல்றீங்களா?"

கோணி ஊசியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார்கள். வெடித்தது. ஆனால் இடது பக்கம்தான். அண்ணன் குழலை நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நுனியில் குறி பார்ப்பதற்கென்று சின்ன முள் ஒன்று நிற்கும்.

"முள்ளு நடுவுல இல்ல. வலப்பக்கமா நவுந்துகீது. நான் ஒண்ணும் பண்ணல, கப்பல்லயே ஆயிருக்கும்" என்று முந்திக்கொண்டார்.

குண்டு இடது பக்கம் போகிறது, அதனால் முள்ளை இன்னும் வலது பக்கம் தள்ள வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அடுத்த குண்டு அட்டையைத் தாண்டி, பலகையையும் தாண்டி, இடது பக்கம் தொங்கிய கொய்யாக்காயைச் சிதறடித்தது.

"காய் பறிக்கதான் தட்டிக் குடுத்தியா?" என்று சொல்லி இவர் சிரித்தார். சைகோனிலிருந்து வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கையில் துண்டு இல்லை. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதிர்ப்பக்கம் தட்டு மச்சான். முள்ளு எந்தப் பக்கம் ஒதுங்குதோ, குண்டு அதுக்கு எதிராப் போவுது."

எதிர்ப்பக்கம் தட்டினார்கள். சுட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். சாயங்காலம் நான் போட்ட கரிவட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

நவம்பர் பதினொன்றாம் தேதி மழை விட்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பாகூருக்குப் போனோம். நான் பெண்களோடு பனைமரத்தடியில் நின்றுகொண்டேன். இவர் முறை வந்தபோது கரிக்கலாம்பாக்கத்துச் சொல்தா ஒருவர், "இன்னாப்பா, கட்டுப் போட்டுக்கினா சுடப்போற?" என்று கேட்டார். இவர் வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தார். துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

நன்றாகத்தான் சுட்டார். ஆனால் சேவல் கரிக்கலாம்பாக்கத்துக்குப் போனது.

இலை போடத் தொடங்கினார்கள். இனிமேல் துண்டைத் தேடுவார், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கிளம்புவார் என்று நினைத்து, அதை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"வெச்சிரு" என்றார்.

வரிசையில் அண்ணனுக்கும் சேவல் ஜெயித்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்து, அந்தக் கையாலேயே துடைத்தார். சோறு வந்தது, குழம்பு வந்தது. பிசைந்து எடுத்தபோது கையோரமாகக் கொஞ்சம் வழிந்து இலையிலேயே விழுந்தது. திரும்பக் கூட்டி எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் சேவலின் கால்கட்டு அவிழ்ந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பரிமாறுகிறவர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். இவர் அந்தக் கையைத் தூக்கி, "இங்க ரசம்" என்று கூப்பிட்டார்.

நான் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் விடாத மழை. கொய்யா மரத்தில் கட்டியிருந்த பலகை கயிறு அறுந்து விழுந்துவிட்டது. மத்தியானம் கூடத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து இலை போட்டேன்.