ஏழு புது பேட்டரி, ஆறு பழசு

கார் சாவிக்கு பேட்டரி மாற்றுவது இரண்டு நிமிட வேலை. அடுத்த சாவி வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. தனியாகக் கடை பார்க்கும் அக்கா தங்கைகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் கடை ஸ்ரீரங்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அகலம். முதலாளி பாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய கடையைப் பார்க்கிறார், இதை என்னிடம் விட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் ஏசி வேலை. சொந்தபந்தம் எல்லாம் மணப்பாறைப் பக்கம். அதனால் இரண்டரை வயது மகள் யாழினியும் என்னோடு டூட்டிக்கு வருவாள்.

பாய் அதற்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். ரிமோட் சாவிக்குள் இருப்பது காசு மாதிரி வட்ட பேட்டரி. குழந்தை விழுங்கினால் தொண்டையையே அரித்துவிடும். கழற்றிய பழசுக்கு உடனே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும். சாயங்காலம் எண்ணும்போது அன்று விற்ற புதுசும் பாட்டிலில் உள்ள பழசும் சமமாக இருக்க வேண்டும். "ஒண்ணு குறைஞ்சாலும் மறுநாள்லேர்ந்து பாப்பா வர வேண்டாம்மா."

பூஜை போட்ட சாவி

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு அறுவடை. காருக்குப் பூஜை போடுகிறவர்கள் சாவியையும் விடுவதில்லை. சந்தனமும் குங்குமமும் பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடும். உத்தர வீதி மாமி ஒருத்தர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொண்டுவந்த சாவியைத் திறந்தால், உள்ளே தகடு முழுக்க சந்தனம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருமாள் திருவடியில வெச்சு எடுத்துண்டு வந்த சாவிடீ. அதைப் போய் ஸ்பிரிட்டால துடைப்பாளோ?"

எட்டாத தூரம்

பேட்டரி போட்டதும் வெளியே வந்து ஒரு தடவை அமுக்கிக் காட்டுவேன். கார் சத்தம் கொடுத்துக் கண்ணைச் சிமிட்டும். யாழினி அதற்கு டாட்டா காட்டுவாள். சில நாள் மதியம் வரைக்கும் எங்களுக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள் அந்தக் கார்தான்.

ஒரு தம்பி அமுக்குகிறார், அமுக்குகிறார், ஒன்றும் சிமிட்டவில்லை. வண்டி எங்கே என்று கேட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தாராம். நாலு கடை தூரம்தான் எட்டும் என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. "குறுக்க காவிரி ஒண்ணுதானேக்கா இருக்கு?"

கைலாசபுரத்து சார்

தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். புரட்டாசி முழுக்க தினமும் கைலாசபுரத்திலிருந்து காரில் வந்து பெருமாளைச் சேவிப்பார். அன்றைக்கு மதியம் சாவியைக் கொடுத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பழசைத் துடைத்துப் புதுசு என்று போட்டுவிடுவேனோ என்று சந்தேகம். நான் பழசைக் கழற்றி மேஜையில் வைத்து, புதுசைப் போட்டு மூடினேன். அதற்குள் போன் அடித்தது. மஸ்கட். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம், பத்து நிமிஷம்தான் கிடைக்கும். டேப்பை எடுக்காமல் போனை எடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. சார் என்னவோ யோசித்தபடி இறங்கிப் போனார். போகும்போது சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "அடுத்த தடவை புது பேட்டரி உறையை என் கண் முன்னாடி பிரிங்கம்மா."

ஏழும் ஆறும்

சாயங்காலம் எண்ணினேன். புதுசு ஏழு போயிருந்தது. பாட்டிலில் பழசு ஆறு. மேஜைக்கு அடியில், ஸ்டூல் காலுக்கு அடியில், பாப்பாவின் சட்டைப் பையில், செருப்பில் எல்லாம் தேடினேன். வாயைத் திறக்கச் சொன்னால் சிரிக்கிறாள். என்னடி முழுங்கினே என்றால் "மம்மம்" என்கிறாள். ஷட்டரை இழுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். மஸ்கட்டுக்கு மூன்று தடவை அடித்தேன். அவர் ஷிப்டில் இருந்தார், எடுக்கவில்லை.

எக்ஸ்ரேக்குப் பேர் எழுதும் இடத்தில் நர்ஸம்மா நிமிராமலே கேட்டார், கூட யார் வந்திருக்காங்க என்று. நான் குழந்தைகூட வந்திருக்கேன், என்கூட குழந்தை வந்திருக்கா என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். படத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பாப்பாவை இறக்கிவிடாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒண்ணும் இல்லம்மா. இப்பவாவது உட்காருங்க."

மறுநாள்

ராத்திரியே போன் பண்ணி பாயிடம் நானே சொல்லிவிட்டேன். காலையிலேயே வந்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னது சொன்னதுதான்மா, நாளையிலிருந்து வேற ஏற்பாடு பண்ணிக்கோ என்றார். வேற ஏற்பாடு என்று எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து கைலாசபுரத்து சார் படியேறினார். நெற்றியில் திருமண், கையில் ஒரு பேட்டரி. நான் போனில் இருந்தபோது மேஜையிலிருந்து எடுத்துப் போய், வீட்டில் மீட்டர் வைத்து அளந்து பார்த்தாராம். "பழசு நிஜமாவே செத்துப்போனதுதான்மா. நீங்க ஏமாத்தலை, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

நான் டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டிப் பாட்டிலில் போட்டேன். ஏழு. பாய் பாட்டிலைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பாப்பாவை என் இடுப்பில் திருப்பி உட்காரவைத்தார். "நாளைக்கும் கூட்டிட்டு வாம்மா. இனிமே குறைஞ்சா மொதல்ல சாரோட சட்டைப் பையை எக்ஸ்ரே எடு."

மதியம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. நேற்று எதற்கு மூன்று தடவை அடித்தாய், கடையில் என்ன விசேஷம் என்று அவர் கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றேன், ஏனென்றால் புது பேட்டரி போட்டாலும் ரிமோட் நாலு கடை தூரம்தான் எட்டும், மஸ்கட் அதைவிடக் கொஞ்சம் தள்ளி.