யார் யாருக்கோ தலைமுழுகிய எங்கள் அக்கா

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்த செவிலியர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்றார் அம்மா. நல்லதைத்தான் எழுதுகிறேன். நடந்ததை மறைத்து எழுத மட்டும் எனக்கு வராது.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் தெருவில் அக்கா பிறந்தபோது அப்பா லாக்கப்பில் இருந்தார். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். அவர்களை வரப்பில் மறித்து நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். வெளியே வந்து மகளைத் தூக்கியவர், "இது அடுத்தவன் வயல்ல குனியாது" என்றாராம். பின்னாளில் குடியிருந்த மனைக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தது. அக்கா தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு முடித்து, வெள்ளைச் சேலையில் வந்து இறங்கிய நாளில் அப்பா அழுதார். போலீஸ் அடித்தபோதுகூட அழாத மனிதர்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊசிக்கு முரண்டு பிடிக்கும் ஆண்களை, "மூட்டை தூக்குற கைதானே இது, ஊசிக்கு நடுங்குதே!" என்று சீண்டியே குத்திவிடுவார். தூக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார்.

கொரோனா வந்தது. அக்காவைத் தொற்று வார்டில் போட்டார்கள். டூட்டி முடிந்து வந்ததும் வீட்டுக்குள் வராமல் நேரே கொல்லை அடிகுழாய்க்குப் போவார். வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வார். வீட்டுக்கு நோயைக் கொண்டுவரக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருக்கிறாள் பார் என்று தெருவே மெச்சியது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒருநாள் அவர் உடம்பு வெடவெடப்பதைப் பார்த்து வாளியைப் பிடுங்கினேன். "போதுங்கக்கா. கிருமி எல்லாம் எப்பவோ செத்துருக்கும்."

"கிருமிக்கு யாருடி குளிக்கிறா? இப்ப ஊத்துனது தாராசுரத்துப் பெரியவருக்கு. அடுத்தது மாயவரத்துப் புள்ளத்தாச்சிக்கு. அவங்க வீட்டுல எல்லாரையும் தகரம் வச்சு அடைச்சிருக்காங்க. மூஞ்சியக்கூட பாக்கல. கடைசியா தொட்டு மூடினவ நான்தானே? நான் தலைமுழுகலன்னா வேற யாரு முழுகுவா?"

வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நோய் அடங்கியது. ஊர் முகக்கவசத்தைக் கழற்றியது, திருவிழா நடத்தியது. அக்காவின் முழுக்கு மட்டும் நிற்கவில்லை. "பேரெல்லாம் மறந்துபோச்சுடி. யாருக்கு முழுகினேன், யாருக்கு விட்டேன்னு தெரியல" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. நின்றபடியே தூங்கியவருக்குப் படுத்தாலும் கண் மூடவில்லை. ஆஸ்பத்திரிப் பிணத்தின் காற்று பட்டிருக்கிறது என்று அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினார். ஈரத்தில் ஊறி அது அறுந்து விழுந்தது.

அத்தான்தான் அக்காவைத் தஞ்சாவூரில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். "போர்க்களத்துலேர்ந்து வந்தவங்களுக்கு வர்ற மாதிரிதாம்மா இதுவும். உங்க தப்பு எதுவும் இல்ல" என்றார் அந்த டாக்டரம்மா. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த அக்கா, தனக்கென்று ஒன்றை அப்போதுதான் விழுங்கினார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. கொல்லைக்கதவு அடைத்தே கிடந்தது. ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அப்போது அக்கா மகளுக்கு மாயவரத்துப் பக்கம் சம்பந்தம் கூடிவந்தது. எங்கள் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். "பொண்ணோட அம்மா பைத்திய மாத்திர திங்கிறான்னு தெரிஞ்சா, எவன்டி கட்டுவான்? கல்யாணம் முடியிற வரைக்கும் நிறுத்தி வையி." அத்தானும் நானும் சண்டை போட்டோம். அக்கா கேட்கவில்லை. "எம் பொண்ணு வாழ்க்கையடி" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐப்பசி அடைமழையில் கொல்லைக்கதவு மறுபடி திறந்தது. கெஞ்சினோம், கதவைப் பூட்டினோம். பூட்டை உடைத்துக்கொண்டு போனார். காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே மூச்சு முட்டித் தவித்து அக்கா இறந்தார். நிமோனியா என்று சீட்டில் இருக்கிறது. அது பாதி உண்மை.

மூக்கில் குழாயோடு கிடந்த அக்காவை விட்டு அகலாத செவிலியத் தங்கைகளுக்கும், காசு வாங்காமல் பார்த்த மனநல மருத்துவருக்கும் நன்றி. உங்களில் யாருக்காவது தூக்கம் வரவில்லை என்றால், தயவுசெய்து அவரைப் போய்ப் பாருங்கள். பதினாறாம் நாள் வரை அடுப்படியை விட்டு நகராமல் எல்லோருக்கும் சோறு போட்டவர் பெரியம்மாதான். அதற்கும் நன்றி. மற்றதை மன்னிக்க எனக்கு இன்னும் நாள் ஆகும்.

சாவுக்கு வந்திருந்த, அக்கா மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை, அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்:

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நானும் அந்த மாத்திரதான் சாப்புடுறேன். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துதான் நாங்க சொல்லல."